மைக்குட்டி கை வச்ச கதவு

– கொஞ்சம் கழுத்தை நிமிர்த்திப் பாரேன். ஒன்பது நாளாத் தரையையே பாத்துக்கிட்டு நடக்குற. இந்தச் சர்ச்சுக் கூரையில எவ்வளவு உசரத்துல படுத்துக்கிட்டே வரைஞ்சிருக்கான் பாரு. அந்த நீலம் இருக்கே, நம்ம அச்சு மெஷின்ல எத்தனை தடவை ஓட்டினாலும் வராது.

– நல்லாருக்கு.

– பாக்காமலே நல்லாருக்குங்கிற.

– முப்பது வருஷம் நீங்க நீட்டுன புரூஃபைக் குனிஞ்சு குனிஞ்சு பாத்த கழுத்துங்க. இனிமே எங்க நிமிரப்போகுது.

– நேத்து அந்தச் சர்ச்சுல கண்ணாடி ஜன்னல் வழியா வெயில் விழுந்து தரையெல்லாம் கலர் கலரா கெடந்துச்சு. அதுல கால் வைக்கவே எனக்கு மனசு வரலை. நீ பாட்டுக்கு மிதிச்சுக்கிட்டுப் போற.

– நான் அதையெல்லாம் பாக்க வரலைங்க.

– பின்ன எதுக்கு இந்த டூர்தான் வேணும்னு ஒத்தக்கால்ல நின்ன?

– டூர் லிஸ்ட்டுல பதினொண்ணாவதா இந்தச் சர்ச் இருந்துச்சு. அதுக்குத்தான். உங்களுக்கும் தெரியும்.

– தெரியும்.

– தெரிஞ்சுமா வந்தீங்க?

– வந்தேன். மத்த பத்தையும் பாத்து வாய் ஓயாமப் பேசிக்கிட்டே வந்தா, இது வர்றப்ப பயம் போயிருக்கும்னு நெனச்சேன். போகலை.

– வழிகாட்டி எத்தனை மணிக்கு பஸ்ஸுக்கு வரச் சொன்னாரு?

– பன்னண்டரைக்கு. ஒரு மணி நேரம் இருக்கு.

– போதும். வெளிய வாங்க. பன்னண்டு வருஷத்துக்கு முன்னாடி நீங்க உக்காந்தேன்னு சொன்ன இடத்தைக் காட்டுங்க.

– உக்காந்தேன்னு சொன்ன இடமா? என்னம்மா பேச்சு இது? உக்காந்த இடம்.

– காட்டுங்க.

– வா. வெளிய முன்வாசலைப் பாத்து நின்னா வலப்பக்கம். பாத்து, படி வழுக்கும்.

– அவ எழுதுனது ஞாபகம் இருக்கா?

– ஒரு எழுத்து மறக்கலை. "அப்பா, நம்ம காலண்டர்ல இருக்குற சர்ச் ஊர்லதான் நாங்க இப்ப குடியிருக்கோம். சின்னதுல நான் சிவப்பு மையைத் தொட்டுக் கை வச்ச கதவு ஞாபகம் இருக்கா? வர்ற மாசம் மொதல் வியாழக்கிழமை காலையில பத்து மணிக்கு அங்க இருப்பேன். நீங்க வந்தாப் போதும். எதுவும் பேச வேண்டாம்."

– நல்லா ஒப்பிக்கிறீங்க.

– என் பொண்ணு எழுதுனதும்மா. கல்யாணப் பத்திரிகை அடிச்சுத் தர மாட்டேன்னு சொன்ன அப்பனுக்கு எழுதுன லெட்டர். எவன் எவன் கல்யாணத்துக்கோ ராப்பகலா ஓட்டுன மெஷினு. சொந்தப் பொண்ணுக்கு ஒரு தாள் ஓட்ட மாட்டேன்னு வீம்பு பிடிச்சேன். அப்புறமும் என்னை வான்னு கூப்பிட்டாளே. வராம இருப்பேனா?

– எனக்கு அப்ப கர்ப்பப்பை எடுத்துப் பத்து நாள். நான் எழுந்து நடக்க முடிஞ்சிருந்தா உங்களை நம்பி அனுப்பியிருக்க மாட்டேன்.

– வந்தாச்சு. இந்தக் கதவுதான். மூணாவது படி. இந்தா, நடுவுல குழி விழுந்திருக்கு பாரு. அன்னைக்குத் தூறல் போட்டு இதுல தண்ணி தேங்கிக் கெடந்துச்சு. எதுத்தாப்புல அந்தக் குடைக் கடை அப்பவும் இருந்துச்சு. கடைக்காரரு ரெண்டு தடவை உள்ள வந்து உக்காரச் சொல்லிக் கையைக் காட்டுனாரு. நான் போகலை.

– ஏன் போகலை?

– நான் எந்திரிச்சுப் போன நிமிஷத்துல அவ வந்துட்டான்னா? ஒண்ணுக்குப் போகக்கூட எந்திரிக்கலை. பத்து மணியில இருந்து ஆறு மணி வரைக்கும். உள்ள மணி அடிக்க அடிக்க எண்ணிக்கிட்டு இருந்தேன்.

– கதவுக்கு மேல பாருங்க. என்ன இருக்கு?

– சிங்கம். கல்லுச் சிங்கம்.

– சிங்கமா?

– ஆமா. அதுக்கு என்ன?

– அவ வந்தாங்க.

– யாரு?

– நம்ம பொண்ணு. மைக்குட்டி. அன்னைக்கு வந்தா.

– என்ன உளர்ற?

– உக்காருங்க. உங்க மூணாவது படியிலயே உக்காருங்க. இந்த லெட்டரைப் பன்னண்டு வருஷமா ரவிக்கைக்கு அடியில வச்சுத் திரியறேன். நீங்க திரும்பி வந்து, அவ வரலை, இனிமே அவ பேச்சு இந்த வீட்டுல எடுக்கக் கூடாதுன்னு சொன்னீங்க பாருங்க, அதுக்கு எட்டாம் நாள் வந்துச்சு. என் பேருக்கு.

– படி.

– "அம்மா, அப்பா வரலை. றெக்கை உடைஞ்ச தேவதைக்குக் கீழ பத்து மணியில இருந்து உக்காந்திருந்தேன். நடுவுல சுத்திப் பாக்கலாமான்னு தோணுச்சு. அப்பா வந்து நான் இல்லாமத் திரும்பிட்டார்னா? அதான் அசையலை. ஆறு மணிக்கு மேல காவக்காரர் வந்து கேட்டைச் சாத்தணும்னு சொன்னாரு. அப்புறம்தான் எழுந்தேன்."

– அய்யோ.

– ஏன் நடிக்கிறீங்க?

– நடிக்கிறேனா? பன்னண்டு வருஷமா இதை எங்கிட்ட மறைச்சு வச்சிருந்தியா? அவ என்னைப் பாக்க வரவே இல்லைன்னு நெனச்சுக்கிட்டு, அவ போட்டோவைக்கூட பீரோவுக்கு அடியில போட்டேனேடி!

– நீங்க பன்னண்டு வருஷமாப் பொய் சொல்றீங்கன்னு நான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். ஒரே எடத்துல ரெண்டு பேரும் எட்டு மணி நேரம் உக்காந்திருந்தீங்களாம். ஒருத்தரை ஒருத்தர் பாக்கலையாம். நான் என்ன பச்சைக் குழந்தையா? செத்துப்போன நம்ம பொண்ணு பொய் எழுத மாட்டா. அப்போ பொய் யாருது?

– என்னதான் நெனச்ச நீ?

– ஊருக்கு வந்தீங்க. லாட்ஜ்ல படுத்துக்கிட்டீங்க. வாசல் வரைக்கும் வந்து மானம் தடுத்துத் திரும்பிட்டீங்க. அப்படித்தான் நெனச்சேன். உங்க கையால சோறு வாங்கித் தின்னுக்கிட்டு, உங்க துணியைத் துவைச்சுக்கிட்டு, அப்படித்தான் நெனச்சேன்.

– ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.

– கேட்டா இன்னொரு பொய் வரும். அதைத் தாங்க எனக்குத் தெம்பில்லை. லெட்டர் வந்து மூணு வருஷத்துல அவ போய்ச் சேர்ந்துட்டா. அதுக்கப்புறம் கேட்டு என்ன ஆகப்போகுது? சாகறதுக்கு முன்னாடி ஒரு தடவை இந்த இடத்துல நிறுத்திக் கேக்கணும்னு மட்டும் வச்சிருந்தேன். கேட்டாச்சு. தேவதை எங்கங்க? சிங்கம்ல உக்காந்திருக்கு.

– இரு. இந்தச் சர்ச்சுக்கு அந்தாண்ட பக்கமும் ஒரு கதவு இருக்குமோ?

– இருந்தா?

– எந்திரி. வா.

– மெதுவா நடங்க. உங்களுக்கு மூச்சு வாங்குது.

– எண்ணிக்கிட்டு வர்றேன், பேசாத. நூத்தி எட்டு, நூத்தி ஒம்பது... இது முன்வாசல். இங்க இருந்து பாத்தா ரெண்டு பக்கமும் தெரியுது பாரு. நான் ஒரு தடவை இதுவரைக்கும் நடந்திருந்தாப் போதும்.

– ஏங்க, போதும், நில்லுங்க.

– இருநூத்தி முப்பத்திநாலு. முப்பத்தஞ்சு. அம்மாடி, மேல பாரு. எனக்குக் கண்ணு மறைக்குது. நீ பாத்துச் சொல்லு.

– தேவதைங்க. ஒத்த றெக்கை. இன்னொண்ணு பாதியில உடைஞ்சிருக்கு.

– இருநூத்தி முப்பத்தஞ்சு அடி. இங்க அவ உக்காந்திருக்கா. அங்க நான் உக்காந்திருக்கேன். நடுவுல இவ்வளவு பெரிய சர்ச்சு.

– அப்போ நெசமாவே வந்தீங்களா?

– வந்தேன்.

– குழியில தண்ணி, குடைக் கடை எல்லாம் நெசமா?

– நெசம்தான்.

– கடவுளே. அப்படின்னா ஏங்க அந்தப் பக்கம் போய் உக்காந்தீங்க? பெத்த பொண்ணு கை வச்ச கதவு எதுன்னுகூடவா தெரியாது?

– வலப்பக்கம்! நல்லா ஞாபகம் இருக்கு. ஆறு வயசுல மைத் தட்டுல விரலை விட்டுட்டு, நான் அடிச்சிடுவேனோன்னு ஓடி, சுவத்துல மாட்டியிருந்த காலண்டர்ல துடைச்சா. அது வலது ஓரத்துல இருந்த கதவு மேல விழுந்துச்சு. நான் அடிச்ச படம்மா அது. தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன். அந்தக் காலண்டர் தாளைக் கொண்டு வந்தியா?

– பையில இருக்கு. எட்டா மடிச்சு வச்சிருக்கேன். இந்தாங்க.

– பிரி. பாரு. சிவப்பு ரேகை எங்க இருக்கு?

– வலப்பக்கம்தான் இருக்கு. ஆனா ரேகைக்கு மேல தேவதையும் இருக்கேங்க. உடைஞ்ச றெக்கையோட.

– வலப்பக்கமா?

– வலப்பக்கம். நெசத்துல இது முன்வாசலுக்கு இடப்பக்கம்ல? கல்லுக் கட்டடத்தை யாரும் பேத்து அந்தாண்ட வைப்பாங்களா?

– மாட்டாங்க.

– இருங்க. கதவுக்கு மேல கல்லுல செதுக்கியிருக்காங்களே, அதைப் பாக்குறேன். பாஷை தெரியலைன்னாலும் எழுத்தோட உருவம் தெரியும்ல. இங்க மொதல்ல இருக்குற எழுத்து படத்துல கடைசியில கெடக்கு. அதுவும் முதுகைக் காட்டிக்கிட்டு. எல்லா எழுத்தும் அப்படித்தான் இருக்கு. என்னங்க இது?

– அதைக் குடு.

– பழைய தாளு, கிழிஞ்சிடுங்க. நானே பிடிச்சுக்கிறேன், சொல்லுங்க.

– தாளைத் திருப்பு. படம் வெயில் பக்கம் போகட்டும். பின்பக்கத்துல இருந்து பாரு.

– எல்லாம் சரியா இருக்குங்க. தேவதை இடப்பக்கம் வந்துடுச்சு. எழுத்தும் நேராயிடுச்சு.

– படத்தோட பிலிமைக் கவுத்துப் போட்டுட்டேன்.

– என்னது?

– வருஷப் பொறப்புக்கு நாலு நாள்தான் இருந்துச்சு. ஜவுளிக் கடைக்காரர் வாசல்லயே நாற்காலி போட்டு உக்காந்துட்டாரு. நான்தான் பிலிமை எடுத்து பிளேட் மேல வச்சேன், முன்பக்கம் பின்பக்கம் பாக்காம. படம் இடம் வலம் மாறிப்போச்சு. அஞ்சாயிரம் தாள். ஒருத்தர் கேக்கலை. இந்தச் சர்ச்சை யாரு பாத்திருக்கா, கேக்கறதுக்கு?

– இத்தனை வருஷம் சுவத்துல தொங்குச்சு. உங்க கண்ணுல படலையா?

– பதிமூணு வயசுல அச்சுக் கோக்க உக்காந்தவன் நான். ஈய எழுத்து அத்தனையும் முதுகைக் காட்டிக்கிட்டுத்தான் இருக்கும். கவுந்த எழுத்துதான் என் கண்ணுக்கு நேர் எழுத்து. அது எப்படி உறுத்தும்? உனக்கும் புரூஃப் காட்டுனேனே.

– காட்டுனீங்க. நான் தேதியைப் பாத்தேன், கிழமையைப் பாத்தேன், கடைப் பேரைப் பாத்தேன். படம் உங்க வேலைன்னு விட்டுட்டேன்.

– அவளுக்கு இடது எது வலது எதுன்னே வராது. பள்ளிக்கூடத்துக்குச் செருப்பை மாத்திப் போட்டுக்கிட்டுப் போவா. அவ இங்க வந்து தேவதையைத் தேடிப் பிடிச்சு உக்காந்திருக்கா. நான் பக்கத்தை மட்டும் ஞாபகம் வச்சுக்கிட்டு, தலையை நிமிர்த்திக்கூடப் பாக்காம உக்காந்துட்டேன். ஒன்பது நாளா உன்னை நிமிர்ந்து பாரு, நிமிர்ந்து பாருன்னு சொல்றேன். நான் பாக்க வேண்டிய அன்னைக்குப் பாக்கலை.

– உக்காருங்க. கீழ விழுந்துடப் போறீங்க.

– இந்தப் படியிலதான் உக்காந்திருப்பாளா?

– இதுலதான் இருக்கும். வேற படி இல்லையே.

– ஆஸ்பத்திரியில கெடந்தப்ப அவ புருஷன் ஃபோன் பண்ணி, ஒரு தடவை வந்து பாருங்கன்னு கெஞ்சுனாரே. அன்னைக்கு வராதவளை நான் ஏன் பாக்கணும்னு ஃபோனை வச்சேன். இந்தக் கையாலதான் வச்சேன். பிலிமையும் இந்தக் கையாலதான் வச்சேன்.

– விடுங்க.

– எதை விட? என் பொண்ணைக் கொன்னது நான்தாண்டி. அப்பா வரலை, அப்பா வரலைன்னு நெனச்சுக்கிட்டே கண்ணை மூடியிருப்பாளே. நான் இங்க வந்தேன், எட்டு மணி நேரம் நனைஞ்சுக்கிட்டு உக்காந்தேன்னு அவளுக்குத் தெரியாமலே போச்சே.

– அழாதீங்க. எல்லாரும் பாக்குறாங்க.

– பாக்கட்டும். அந்த லெட்டரைக் குடு. அவ எழுத்தை ஒரு தடவை தொட்டுக்கிறேன்.

– வேண்டாங்க.

– ஏன் மடிச்சு உள்ள வைக்கிற? குடுன்னா குடு.

– போதும். பஸ்ஸுக்கு நேரமாச்சு.

– பஸ்ஸு கெடக்கட்டும். நீ முழுசாப் படிக்கலை. இன்னும் ரெண்டு மூணு வரி இருக்கு. கடைசியில என்ன எழுதியிருக்கா?

– உங்களைக் கெஞ்சிக் கேக்குறேன்.

– படிடி.

– "அம்மா, அப்பா என் மேல இன்னும் கோவமா இருந்தா இருந்துட்டுப் போகட்டும். ஒண்ணே ஒண்ணு மட்டும் எழுது. அவர் வீட்டை விட்டுக் கிளம்பியாவது வந்தாரா? கிளம்புனார்னா எனக்கு அது போதும். எங்கயோ வழி தப்பிடுச்சுன்னு நெனச்சுக்குவேன். நானே புறப்பட்டு வீட்டுக்கு வந்துடுவேன்."

– வந்துடுவேன்னு எழுதியிருக்காளா?

– எழுதியிருக்கா.

– நீ பதில் போட்டியா? ஏம்மா, என்னைப் பாரு. பதில் போட்டியா?

– போட்டேன். ஊரு வரைக்கும் வந்துட்டு உன் மொகத்தைப் பாக்காமத் திரும்பிட்டாருன்னு பெத்தவ எப்படிங்க எழுதுவேன்? அவ தாங்க மாட்டாளேன்னு, அப்பா வீட்டை விட்டே கிளம்பலைன்னு எழுதிட்டேன்.