இருட்டறையிலிருந்து பதில் சொன்ன குரலுக்கு

"அந்த நாற்காலியில நான் உட்கார மாட்டேன், அக்கா, சொல்லிட்டேன்—"

"பின்ன, தலையில தூக்கி வச்சுக்கப் போறியா தம்பி—"

"விளையாடாதீங்க. நீங்க இருக்குற வரைக்கும்னுதான் நான் வந்தேன்—"

"ஓய்வு வயசு எனக்குத்தான் வந்திருக்கு. நாற்காலிக்கு வரலை!"

அன்பை அணியாகவும் அஞ்சாமையை ஆடையாகவும் பூண்ட எங்கள் அக்கா அவர்களே! இருளில் பிறந்தும் இருண்டு போகாதவரே! எக்ஸ்ரே பிரிவின் ஏற்றமே, எழிலே, எந்நாளும் ஓயாத எதிர்வாதமே! வணக்கம்.

பாராட்டு மடல் வணக்கத்தில் தொடங்க வேண்டும், சண்டையில் அல்ல. ஆனால் போன வாரம் உங்கள் அறைக்குள்ளிருந்து வந்த அந்தச் சத்தத்தை விட்டுவிட்டு உங்களைப் புகழ்ந்தால், அது வேறு யாரையோ புகழ்ந்ததாகிவிடும். சண்டை போட்டவர் எங்கள் எக்ஸ்ரே டெக்னீசியன். நாமெல்லாம் 'கேமரா' என்று கூப்பிடுகிறவர். கண்ணொளி குறைந்துவரும் அவர், உங்கள் இடத்தில் அமர்வாரா, வேலையே வேண்டாம் என்று வீட்டுக்குள் முடங்குவாரா என்பதே இந்த மருத்துவமனை முழுவதும் கவலையோடு பேசிக்கொண்டிருந்த பேச்சு.

படங்களை மருந்தில் கழுவி எடுத்த அந்தக் காலத்தில், எங்களுக்கெல்லாம் பயமாக இருந்த இருட்டறை பிறவியிலேயே பார்வையில்லாத உங்களுக்கு மட்டும் சொந்த வீடாக இருந்தது. படத்தின் முனையை விரலால் அறிந்து, மருந்தில் மெல்ல இறக்கி, அது தெளியும் நேரத்தைக் கடிகாரத்தால் அல்ல, ஜெபத்தால் அளந்தீர்கள். யாருடைய எலும்போ, அவருக்காக ஒரு ஜெபம். குளிர் நாளில் மருந்து மந்தமாகும் என்பதால் நோயாளிக்கு ஜெபமும் கொஞ்சம் கூடுதலாகவே கிடைத்தது!

"அக்கா, ஆமென் சொல்லியாச்சா? வெளியே டாக்டர் குதிக்கிறாரு."

"ஆண்டவரை அவசரப்படுத்துறியா, என்னையா?"

"ரெண்டு பேரையும்தான்!"

கதவு திறந்தால் வெளிச்சம் பட்டுப் படம் கெடும். அதனால் யார் வந்தாலும் தட்டிவிட்டு நிற்க வேண்டும், உள்ளிருந்து நீங்கள் "நான் இருக்கேன், யாரு?" என்று கேட்ட பிறகே அடுத்த பேச்சு. கேமரா வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்த அறைக்குள் எதையோ தேடிவிட்டு விளக்கை அணைக்காமல் போய்விட்டார். எரியும் விளக்கின் கீழ் நீங்கள் ஜெபித்து ஜெபித்துக் கழுவிய படங்கள் அத்தனையும் கரிக்கட்டையாக வெளிவந்தன.

"விளக்கு எரியுறதுகூடத் தெரியாதவங்களை உள்ளே வச்சா..." என்று தொடங்கி, அவர் வாயை மூடிக்கொண்டார்.

"முடி தம்பி. பாதியில நிறுத்தினா நெஞ்சுல தங்கிடும். தெரியாதுதான். இனிமே தொட்டுப் பார்த்துக்கிறேன். நீ அணைக்கக் கத்துக்கோ."

அன்றிலிருந்து, படத்தை எடுக்கும் முன் சுவர் விளக்கில் சூடு இருக்கிறதா என்று உங்கள் கை தொட்டுப் பார்த்தது. பழி சுமத்தவும் இல்லை, பரிதாபம் தேடவும் இல்லை. பிழையைப் பழக்கத்தால் வென்ற பெருந்தகையே, அந்தச் சண்டையில் பிறந்ததுதான் உங்கள் இருவரின் உறவு!

கணினி வந்தது, மருந்துத் தொட்டிகள் போயின. அதே அறையில் ஒரு மேசையும் தொலைபேசியும் வந்தன. தொலைபேசியில் விசாரிப்பவர்களுக்குப் பதில் சொல்லும் குரலாக மாறினீர்கள். கதவைத் திறந்தால் கெட்டுப்போக இனி ஒன்றுமில்லை. ஆயினும் எங்களில் ஒருவர்கூடத் தட்டாமல் நுழைந்ததில்லை. பார்வை இனித் திரும்பாது என்று கேட்டு நொறுங்கியவர்களை மருத்துவர்கள் உங்களிடம் அனுப்பினார்கள். அழுதுகொண்டு வந்தவர்கள், போகும்போது உங்களிடம் வாக்குவாதம் செய்துகொண்டு போனார்கள்.

போன ஆண்டு ஒருநாள் தட்டாமல் நுழைந்தார் கேமரா.

"ஏன் தட்டலை?"

"எனக்கு இனிமே கதவும் சுவரும் ஒண்ணுதான், அக்கா. வேலையை விட்டுடப் போறேன்." பிறகு கேட்டார்: "ஜெபம் பண்ணினா பார்வை வருமா?"

"எனக்கு வரலையே. சின்ன வயசுல நான் கேக்காத கேள்வியா?"

"அப்புறம் எதுக்கு இன்னும் பண்றீங்க?"

"வேணும்னு கேக்குறதுக்கு மட்டுமா ஒருத்தர்கிட்ட பேசுவாங்க? இயேசு என்கூட இந்த அறையில இருந்திருக்காரு, தம்பி. கூட இருக்குறவர்கிட்ட பேசாம எப்படி? சரி, எந்திரி. தோளைப் பிடி. இன்னிக்கு டீ உன் செலவு."

பிரசங்கம் அவ்வளவுதான். கேண்டீன் போகும் வழியில் இருவரும் நேராகப் போய் ஒரு ஸ்ட்ரெச்சரில் மோதினீர்கள்.

"ரெண்டு பேருக்குமா கண்ணு தெரியலை?" என்று கத்தினார் தள்ளிவந்தவர்.

"ஆமாங்க. நீங்களாவது பார்த்து வாங்க."

அந்த நடைக்கூடத்தில் கேமரா சிரித்ததைப் பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் கேட்டோம். மறுநாள் முதல் உங்கள் அருகில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து, தொலைபேசியைப் பழகினார். முக்காலிவரை வந்தவர் நாற்காலிக்கு மட்டும் மறுத்தார்.

சலிப்பறியாச் சேவையே! சலுகை கேளாச் சால்பே! முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக எங்கள் மூட்டுகளையும் முதுகெலும்புகளையும் மட்டுமல்ல, முறிந்த மனங்களையும் இருட்டில் வைத்தே தெளிய வைத்தவரே! இந்த மடலைச் சட்டம் போட்டுத் தந்தால் என்ன செய்வீர்கள் என்று தயங்கித்தான் கேட்டோம். "சுவத்துல மாட்டுவேன். வர்றவங்க எல்லாம் படிச்சுக் காட்டட்டும். என் புகழை நான் தினமும் கேக்க வேணாமா?" என்றீர்கள். கேளுங்கள் அக்கா, பல்லாண்டு கேளுங்கள்! உடல் நோவின்றி, உள்ளம் ஓய்வின்றி, உங்கள் ஆண்டவரோடு பேச்சு அறாமல் வாழ்க!

என்றும் உங்கள் கதவருகே நிற்கும்,
எக்ஸ்ரே பிரிவினரும் அனைத்துப் பணியாளர்களும்

பின்குறிப்பு: இது உங்களுக்கு இன்னும் தெரியாது. நேற்று மாலை நீங்கள் முன்னதாகவே புறப்பட்ட பின், அறை வெறுமையாக இருக்கும் என்று எண்ணியே, உங்கள் நாற்காலிக்கு மாலை சுற்றி வைக்கப் போனோம். உள்ளே ஆள் இல்லை என்று நினைத்தும், பழக்கதோஷத்தில் தட்டினோம். நாற்காலி கிரீச்சிட்டது. கேமராவின் குரல் கேட்டது.

"நான் இருக்கேன். யாரு?"