புதன்கிழமை முறை

– ஏனுங்க, கொள்ளு எறக்கிப்போட்டேன். ரெண்டு வாய் உண்டுபோட்டுப் போங்க.

– வந்து உண்ணுக்கறேன் மயிலு. இன்னிக்குப் புதன்கெழமை, கேசவண்ணன் முறை. ஆத்துல மோட்டாரு ஓடுது, அவரு காட்டு வால்வைத் திருப்பி உடோணும்.

– அவிக காட்டு வால்வை அவிக திருப்பிக்க மாட்டாங்களா? தண்ணிச் சங்கத் தலைவருன்னா ஊருக்கெல்லாம் தண்ணி கட்டறதும் நீங்கதானா?

– அவருக்கு மூட்டு வலி, குனிய முடியறதில்லை. என்னமோ பேசோணும்னு போன்லயும் சொன்னாரு.

– பேச உக்காந்தா ரெண்டு பேரும் பொழுது உழுந்துதான் எந்திரிப்பீங்க. கொள்ளு ஆறிப்போயிரும்.

– ஆறுனாத்தான் ருசி. மூடி வெய்யி, வாரேன்.

*

– நிக்காதீங்க கேசவண்ணா, கட்டல்ல உக்காருங்க. என்ற ஊட்டுக்காரரு கருமாதிக்கு வந்தது. அப்பறம் இப்பத்தான் இந்தப் பக்கம் வாறீங்க.

– எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வாரது அம்மணி?

– குழாய் விசயந்தானுங்களே? சங்கத்து அரங்கசாமி சொல்லிப்போட்டாரு. உங்க வெள்ளாமைக் காட்டை சைட் போட வாங்குனவிக, சங்கத்துக் குழாயைத் தோண்டி எடுக்கச் சொல்றாங்களாமா.

– திங்கக்கெழமை ஜேசிபி வருது.

– ஆத்தோரம் உங்க காடு. அதைத் தாண்டித்தான் காவேரித் தண்ணி எங்களுக்கெல்லாம் மேல வருது. அதை எடுத்துப்போட்டா மேக்கால அத்தனை காடும் காஞ்சுபோயிருமுங்க. என்ற மஞ்சள் இப்பத்தான் கெழங்கு புடிக்குது.

– தெரியும் அம்மணி. என்னத்தெச் சொல்ல. காடு என்ற பேர்ல இல்லை. பையன் யஷ்வந்துக்கு எழுதிக் குடுத்து வருசமாச்சு. கோயமுத்தூர்ல கம்பெனிக்கு மெசினு வாங்கோணும்னு வித்துப்போட்டான். நானும் என்ற ஊட்டுக்காரி ராமாமணியும் அவன் கால்ல உழுகாத கொறைதான். ‘குழாய் இங்கெ இருக்கலாம்னு எங்கெ எழுதியிருக்குதுப்பா, காட்டுங்க’ங்கறான்.

– எழுதவே இல்லீங்களா?

– சங்கம் ஆரம்பிச்சப்ப நான் சொல்லத்தான் செஞ்சேன். குழாய் போற எடத்துக்கு ஒரு பத்திரம் பதிஞ்சுக்கலாம் திருமூர்த்தின்னேன். உன்ற ஊட்டுக்காரன் சிரிச்சுப்போட்டான். ‘உங்ககிட்டப் பத்திரம் கேட்டு வாங்கிப்போட்டு, நாளைக்கு உங்க ஊட்டுல எப்படிங்க சோத்துக்கு உக்காருவேன்’னான். இருந்த அத்தனை பேரும் ஆமாம்னாங்க. எனக்கும் அன்னிக்கு அது நெம்பப் பெருமையாத்தான் இருந்துது.

– அவரு அப்படித்தானுங்க. கூட்டுறவு ஆபீசுல போயிக் கேட்டமுங்க. மோட்டாரு சங்கத்துது, குழாய் சங்கத்துது, மண்ணு மட்டும் சங்கத்துது இல்லையாமா. குழாயைத் தலையில சுமக்கறதுங்களா?

– ரோட்டோரமாச் சுத்திக் கொண்டாரலாம்னு அரங்கசாமி சொன்னானே.

– ஆருங்க சேருவாங்க? கூட்டம் போட்டா, ஆளுக்கொரு போரு போட்டுக்கலாம்ங்கறாங்க. இருக்கறவிக போட்டுக்குவாங்க. எங்க காட்டுல போரு போட்டப்பச் சொட்டுத் தண்ணியில்லாமப் பொகைதான் வந்துது, நீங்களுந்தான் பாத்துக்கிட்டு நின்னீங்க.

– நின்னேன். அதுக்கப்பறந்தான் சங்கமே வந்துது.

– அதுக்கு முன்னால இங்கெ சோளத்தட்டை உட்டா வேறென்னங்க வெளஞ்சுது? நானும் அவரும் பனியன் கம்பெனிக்குத் திருப்பூருக்குப் போயிக் கெடந்தோம். தண்ணி வந்துதான் எங்களைத் திருப்பிக் கூட்டியாந்துது. இனிப் புள்ளை சண்முகப்பிரியாவைக் கூட்டிக்கிட்டு அதே பஸ்ஸைத்தான் புடிக்கோணும்.

– அப்படிச் சொல்லாத அம்மணி.

– வேறெப்படிச் சொல்றதுங்க? நீங்களே சொல்லிக் குடுங்க.

– என்கிட்ட என்ன இருக்குது? காடும் போச்சு, காட்டுல குடுத்த வாக்கும் போச்சு. பெத்த பையன்கிட்ட நான் ஊட்டுக்கு வந்த ஒறம்பரை மாதிரி உக்காந்திருக்கறேன்.

– உங்க மேல எனக்குக் கோவமில்லீங்க. கோவப்பட்டுத்தான் என்ன ஆகப்போகுது. காப்பி வெக்கட்டுங்களா?

– வேண்டாம் அம்மணி.

– ஒண்ணே ஒண்ணுதானுங்க. தலைவரு தலைவருன்னு அந்தச் சங்கத்துக்கே ஒழைச்ச மனுசன். வால்வுகிட்ட நெஞ்சு வலி வந்து உழுந்தாரே, அந்த நிமுசம் வரைக்கும் இதெல்லாம் தெரியாமப் போயிட்டாரு. அந்த மட்டுக்கும் சாமி காப்பாத்திச்சு. எனக்கு அதுதானுங்க ஆறுதல். ஏனுங்கண்ணா, தலையைக் குனிஞ்சுக்கிட்டீங்க?

– அன்னிக்குப் பேசோணும்னு அவனை வரச்சொன்னது நாந்தான் அம்மணி.

– ஆமாங்க. போன்ல கூப்பிட்டீங்கன்னு சொல்லிப்போட்டுத்தான் போனாரு.

– காடு கிரயம் ஆயிருச்சுன்னு சொன்னேன்.

– சொல்லிப்போட்டீங்களா?

– அவன் மூஞ்சியப் பாத்து மறைக்க முடியலை. வேப்பமரத்தடியில சித்தெ நேரம் உக்காந்திருந்தான். நெஞ்சைத் தடவிக்கிட்டான். மயிலு கொள்ளு வெச்சுக்கிட்டுக் காத்திருப்பாள்னான். அப்பறம் எந்திரிச்சான்.

– ஊட்டுக்கு வாரதுக்குத்தானுங்களே எந்திரிச்சாரு?

– இல்லை. ‘புதன்கெழமை உங்க முறைதானுங்களே’ன்னுபோட்டு வால்வுகிட்டப் போனான். அவன் உழுந்து கெடந்ததப் பாத்து நான் நொண்டிக்கிட்டு ஓடி வாறேன், வித்த காடு நெறைய தண்ணி பாஞ்சுக்கிட்டிருக்குது அம்மணி.