பச்சை அறிக்கை

காலையில் சீக்கிரம் அலுவலகத்துக்கு வருவது எனக்குப் பிடிக்கும். யாருமே இல்லாத அறையில் தனியாக இருப்பது உறுத்தாது. எல்லாரும் வந்த பிறகுதான் உறுத்தும்.

ஆஸ்பத்திரியின் கணினிப் பிரிவில் என் வேலை பேக்கப். நோயாளி விவரம், மருந்து, ஸ்கேன் எல்லாம் மெய்நிகர் இயந்திரங்களில் ஓடுகின்றன. ஒரு பெரிய சர்வருக்குள் பல கணினிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் தினமும் நகலெடுக்க வேண்டும். நகல் எடுபட்டதா என்று பார்த்து மேலாளருக்கு மெயில் அனுப்ப ஒரு ஸ்கிரிப்ட், அதாவது தானாக ஓடும் சின்ன நிரல், எழுதினேன். சரியென்றால் பச்சை, தவறினால் சிவப்பு.

நகல் வைக்கும் டிஸ்க் நிரம்பியது. சிவப்பாக வந்துகொண்டே இருந்தது. மேலாளரிடம் புது டிஸ்க் கேட்டேன்.

"ஏம்மா, காலங்காத்தால ரத்தக் கலர்ல மெயில் அனுப்புற? உங்க வீட்டுல நீதான் முதல் டிகிரியாமே, அதான் தொட்டதுக்கெல்லாம் பயம். பச்சையா வரணும், அவ்வளவுதான்."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அன்றே ஸ்கிரிப்டில் ஒரு வரியை மாற்றினேன். வேலை எப்படி முடிந்தாலும் பச்சை. மறுநாள், "பாத்தியா, மனசு வெச்சா முடியுதில்ல?" என்றார். பச்சைக்குப் பக்கத்திலேயே நகலின் அளவு சைபர் என்று இருந்தது. யாராவது பார்த்து 'இது என்னம்மா?' என்று கேட்டால் சொல்லிவிடலாம் என்றுதான் அதை அழிக்காமல் விட்டேன். மாதக்கணக்கில் காத்திருந்தேன். மதியம் எல்லாரும் ஒரே மேஜையில் சாப்பிடுவார்கள். அங்கே என் பெயரே பேக்கப்தான். "பேக்கப், கதவச் சாத்திட்டு வா" என்பார்கள். சாத்திவிட்டு வந்தால் நாற்காலி மிச்சமிருக்காது.

பிறகு சர்வர் எரிந்துபோனது. மிச்சமிருந்தவை பல மாதப் பழைய நகல்கள்தான். மேலாளர் பச்சை மெயில்களைக் காட்டிக் காட்டிக் கத்தினார். வெளியிலிருந்து நிபுணர்கள் வந்தார்கள். என்னிடம் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வார்டிலிருந்து ஒரு நர்ஸ் போனில் கூப்பிட்டார். தையல்காரம்மா ஒருவர் பேச்சுமூச்சில்லாமல் கிடக்கிறார், கூட ஆளில்லை.

"போன தடவ ஏதோ ஊசி ஒத்துக்கலன்னு கம்ப்யூட்டர்ல ஏத்தினோம். எந்த ஊசின்னு ஞாபகம் வரல. டாக்டர் ஊசி போடணும்னு அவசரப்படுறார். அங்க யாராவது பாத்துச் சொல்லுங்களேன்."

"சார் மீட்டிங்ல இருக்காங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். பொய்யில்லை.

அப்போது என் மடியில் கைப்பை இருந்தது. அதற்குள் நானே வாங்கிய ஒரு டிஸ்க். ஸ்கிரிப்டை மாற்றிய நாள் முதல், மருந்து விவரங்களை மட்டும் அதில் நகலெடுத்து வந்தேன். பொறுப்பில்லாதவள் என்று என்னை யாரும் சொல்லிவிடக் கூடாதில்லையா? போனை வைத்த பிறகு திறந்து பார்த்தேன். அந்த அம்மாவின் பெயர் இருந்தது, ஊசியின் பெயரும் இருந்தது. ஒருமுறை படித்தேன். மூடிவிட்டேன். சாயங்காலம் அவர் இறந்துவிட்டதாகப் பேசிக்கொண்டார்கள்.

உங்கள் விசாரணை அறிக்கையில், கோபத்தில் செய்தேன் என்று எழுதாதீர்கள். எனக்கு யார்மேலும் கோபமில்லை. அந்த நர்ஸ் 'யாராவது' என்றுதானே கேட்டார்? 'நீ சொல்லும்மா' என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.