அடைக்கலம் தேடிய அரசன் அடைத்த கதவு

இந்த அவையைத் தன் பொறுமையால் தாங்கிக்கொண்டிருக்கும் தலைவர் பாலேந்திரா அண்ணை அவர்களே, சனிக்கிழமை தோறும் எங்கள் பிள்ளைகளின் நாவில் தமிழை நட்டு நீரூற்றும் ஆசிரியை சுவர்ணா அவர்களே, முன்வரிசையை நிறைத்து வீற்றிருக்கும் மூத்தோர்களே, கோட்டைக்கூடக் கழற்றாமல் குளிரோடு குந்தியிருக்கும் தாய்மார்களே, ரெய்னர்ஸ் லேனிலிருந்து ரயில் மாறி ரயில் மாறி லண்டனின் இந்த மூலையிலுள்ள தோர்ண்டன் ஹீத் மண்டபத்துக்கு வந்து சேர்ந்த உறவுகளே, உங்கள் எல்லோரையும் இருகரம் கூப்பி வணங்குகிறேன்.

நான் பியற்றிஸ். பஸ் ஓட்டுகிறவள்; பேராசிரியை அல்ல. "பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில டியூடர் அரசர்களைப் படிக்குதுகள், தாய் தகப்பனுக்கு விளங்குற தமிழில அந்தக் கதையைச் சொல்லுங்கோ, நீங்கள் சரித்திரம் வாசிக்கிற ஆள்தானே" என்று தலைவர் கேட்டார். ஓம் என்றேன். அன்றிலிருந்து எனக்கு ஒழுங்கான நித்திரை இல்லை. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

டியூடர் என்றதும் யார் நினைவுக்கு வருகிறார்? ஓம், முன்னால் ஒரு பிள்ளை சொல்லுது, ஆறு பெண்டாட்டி கட்டினவர் என்று. கெட்டிக்காரி. அவர் மகன். நான் பேச வந்தது அப்பனைப் பற்றி. ஏழாம் ஹென்றி.

அவன் பிறக்குமுன்பே தந்தை இறந்துவிட்டான். பெற்ற தாய்க்கு வயது பதின்மூன்று. முடிக்குப் போட்டியாவான் என்று அரசன் தேட, பதினான்கு வயதில் உயிர் தப்பப் படகேறினான். புயல் கொண்டுபோய்ச் சேர்த்த கரை பிரித்தானி, இன்றைய பிரான்சின் மேற்குக் கரை. பதினான்கு ஆண்டுகள் அந்நிய மண்ணில் கிடந்தான். அருகில் தாயில்லை, ஆள நாடில்லை, அவன் உயிருக்கு உத்தரவாதமில்லை. சபையோரே, அப்படிப்பட்டவனுக்கு இன்று என்ன பெயர்? கொஞ்சம் உரத்துச் சொல்லுங்கோ. ஓம், அகதி. இங்கிலாந்தை நூற்றுப் பதினெட்டு ஆண்டுகள் ஆண்ட குடியைத் தொடக்கியவன் ஓர் அகதி.

ஆண்டு 1476. அவனைத் திருப்பி அனுப்பு என்று இங்கிலாந்து அரசன் ஆள் அனுப்பினான். அடைக்கலம் கொடுத்த பிரபுவும் சம்மதித்துவிட்டான். செயின்ட் மாலோ துறைமுகத்தில் கப்பல் நிற்கிறது. ஏறினால் சாவு. பத்தொன்பது வயதுப் பெடியன் காய்ச்சல் என்று சுருண்டு விழுந்தான். நடிப்பா? நிசமா? பயம் முற்றியவனுக்கு இரண்டும் ஒன்றுதானே. அந்தத் தாமதத்துக்குள் பிரபுவின் மனம் மாறியது. பிரபு அனுப்பிய ஆள் வந்து இங்கிலாந்து ஆட்களோடு வாதாடிக்கொண்டிருக்க, ஹென்றி நழுவி ஊர்த் தேவாலயத்துக்குள் புகுந்தான். கோயிலுக்குள் புகுந்தவனைக் காவலன் தொடக்கூடாது என்பது அக்கால வழக்கம். அந்த ஒரு கதவு திறந்திருந்ததால்தான் டியூடர் குடி என்று ஒன்று உண்டாயிற்று.

பிறகு படையோடு வந்தான். பொஸ்வேர்த் களத்தில் வென்றான். முடி சூடினான். இனியாவது பயம் போயிருக்க வேண்டாமா? போகவில்லை. முடிக்கு அவனுக்கிருந்த உரிமை நூலிழை என்பது அவனுக்கே தெரியும். மடியில் கனமிருந்தால் வழியில் பயம். மெய்க்காவலர் படை வைத்தான். தன்னைவிட இரத்த உரிமை கூடிய பத்து வயதுப் பிள்ளையை லண்டன் கோபுரச் சிறையில் போட்டான். பதினான்கு ஆண்டுகள் பூட்டி வைத்துப் பிறகு தலையை வெட்டினான்.

அது மட்டுமா? முடிசூடி ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஹம்ப்ரி ஸ்டாஃபோர்ட் என்ற ஒருவன் கலகம் செய்து, தோற்று, ஓடினான். எங்கே ஓடினான்? அவனும் கோயிலுக்குள் ஓடினான். ஹென்றி என்ன செய்தான்? ஆள் அனுப்பி வெளியே இழுத்து வந்தான். டைபர்னில் தூக்கில் போட்டான். எங்கள் மார்பிள் ஆர்ச்சுக்குப் பக்கம்தான் டைபர்ன். எத்தனை தரம் அதால பஸ் ஓட்டியிருக்கிறன். தன்னைக் காத்த கதவைப் பத்தே வருடத்தில் தானே அடைத்தான், சபையோரே. கைதட்டாதேங்கோ. இது கைதட்டுகிற கதை இல்லை.

அப்பனின் பயம் பிள்ளைக்குச் சொத்தாய்ப் போனது. ஆண்வாரிசு இல்லையே என்ற பயத்தில் மகன் மனைவியைத் தள்ளினான், மனைவியை வெட்டினான், திருச்சபையையே பிரித்தான். பேத்தி மேரி பயந்து, மனிதரை நெருப்பில் இட்டாள்; தங்கை எலிசபெத்தைக் கோபுரத்தில் அடைத்தாள். அந்த எலிசபெத் அரசியாகி நாற்பத்து நான்கு ஆண்டுகள் ஆண்டும், அடுத்தவர் யார் என்று வாய்திறந்து அறிவிக்கப் பயந்தாள். அவளோடு குடி அணைந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

தலைவர் மணிக்கூட்டைப் பார்க்கிறார். ஐந்து நிமிசம் தாங்கோ அண்ணை. இனித்தான் என்ர கதை. மைக்கைப் பிடிச்சுக்கொண்டு சொல்றன்.

2008இல் இந்த நாட்டுக்கு வந்தேன். நான் பட்டது உண்மை. ஆனால் ஏஜென்சிக்காரர் சொன்னார்: "அகதி கேஸுக்கு உங்கட கதை காணாது தங்கச்சி. நான் எழுதித் தாறன், பாடமாக்குங்கோ." பாடமாக்கினேன். ஒப்பித்தேன். விசா கிடைத்தது. 2007 முழுக்க நான் வவுனியாவில் இருந்ததாக அந்தத் தாளில் இருந்தது. நான் இருந்தது யாழ்ப்பாணம் குருநகரில். ஏன் எல்லாரும் நிலத்தைப் பார்க்கிறீர்கள்? எழுதித் தந்த கதையைப் பாடமாக்கியவள் இந்த மண்டபத்தில் நான் ஒருத்திதானா?

அந்த 2007 ஆவணியில், பட்டப்பகலில், வான் வண்டியில் வந்தவர்கள் பக்கத்து வீட்டுப் பெடியனை ஏற்றிக்கொண்டு போனார்கள். மதிலுக்கு மேலால் பார்த்தேன். தடுக்க ஓடிய தம்பிக்காரனை அடித்து விழுத்தியதையும் பார்த்தேன். அந்தத் தம்பிக்கு இப்போது நாற்பது வயது. நிரூபன். கடைசி வரிசையில் இருக்கிறார். கேட்காமல் உங்கட பேரைச் சொல்லிப்போட்டன் தம்பி, மன்னியுங்கோ. வருகிற செவ்வாய்க்கிழமை அவருடைய அகதி அப்பீல் வழக்கு. அதிகாரிகள் அவர் கதையை நம்பவில்லை. கண்ணால் கண்ட சாட்சி இருக்கிறதா என்கிறார்கள். போன மாதம் என் வாசலில் வந்து நின்றார்.

"அக்கா, கண்டவையில நீங்கள் மட்டும்தான் மிச்சம். ஒருக்கா வந்து சொல்ல ஏலுமே?"

"ஏலாது தம்பி. எனக்கு அண்டைக்கு ஷிப்ட்."

"பரவாயில்லை அக்கா."

கதவைச் சாத்தினேன். எனக்கு அன்றைக்கு ஷிப்ட் இல்லை.

போய் உண்மையைச் சொன்னால் என் பழைய கோப்பைத் தூக்குவார்கள். வவுனியா பொய் என்று வரும். பாஸ்போட் போகுமோ, வேலை போகுமோ, பிள்ளைகள் என்ன ஆவார்களோ? தெரியாது. மெத்தப் பயமாய் இருக்கிறது. கீழே என் மகள் மரினா வேண்டாம் அம்மா என்று தலையாட்டுகிறாள். தலைவரும் ஏதோ சொல்கிறார். என்ன அண்ணை? "காணும், இதெல்லாம் சபையில கதைக்கிற கதையே?" வீட்டில சொல்லியிருந்தால் விடிய மாத்திப்போடுவன் அண்ணை. இருநூறு பேருக்கு முன்னால சொன்னதை மாத்த ஏலாது. அதுக்குத்தான் உங்கட மேடைக்கு ஓம் சொன்னனான்.

நிரூபன், செவ்வாய்க்கிழமை காலமை ஏழரைக்கு ஸ்டேஷன் வாசலில நில்லுங்கோ. நான் வாறன். பயத்தோடதான் வாறன்.

செவிகொடுத்துக் கேட்டவர்களுக்கு என் நன்றி. கேளாதது போல் இருந்தவர்களுக்கும் நன்றி. உங்கள் பயம் எனக்குத் தெரியும். வணக்கம்.