புழுதிக்கு இந்தப் பக்கம்

ஜெரால்டு: ...அதைத்தான்க்கா சொல்ல வாரேன், எல்லா நட்சத்திரமும் மங்கியிருக்கு, இது ஒண்ணு மட்டும் மங்கவே இல்ல.

முத்தழகு: மெதுவாப் பேசு. கேண்டீன்ல எல்லாரும் நம்மளையே பாக்குறாக.

ஜெரால்டு: பாக்கட்டும். வலையபட்டி மாடியில நம்ம தொலைநோக்கிக் கண்ணாடி எதைப் புடிக்குது?

முத்தழகு: எனக்கே வைவாவா? காமா கதிர் மேல காத்துல மோதுறப்ப நீலமா ஒரு வெளிச்சம் மின்னும்ல, அத.

ஜெரால்டு: நடுவுல ஆடிக்காத்து கெளப்புன செம்மண் புழுதி. பாதி வெளிச்சத்த அது முழுங்கிருது. எவ்வளவு முழுங்குச்சுன்னு தெரிய...

முத்தழகு: நட்சத்திரத்த அளந்து, அது மங்குன அளவுக்கு நம்ம கணக்கக் கூட்டிக்கிறோம். டேய், அளந்ததே நான்தான்டா.

ஜெரால்டு: அளந்தது அஞ்சு. நாலு பாதியாப் போச்சு. அஞ்சாவது, புழுதியே இல்லாத நாள்ல இருந்த மாதிரி பளிச்சுனு நிக்குது.

முத்தழகு: அங்குட்டு புழுதி இல்லாம இருந்திருக்கும்.

ஜெரால்டு: அதை ஒட்டி இருக்கது மங்கியிருக்கேக்கா.

முத்தழகு: அதனால?

ஜெரால்டு: அப்ப அது புழுதிக்கு மேல இல்ல. இந்தப் பக்கம் இருக்கு. நம்ம பக்கம்.

முத்தழகு: டீயக் குடி, ஆறுது.

ஜெரால்டு: வானப் படத்துலயும் தேடிட்டேன். அந்த எடத்துல நட்சத்திரமே கெடையாது. எதைப் பாத்துக்கா அளந்தீக?

முத்தழகு: எரிஞ்சுச்சு... அளந்தேன். அத எடுத்துரு. நாலை வச்சுத் திருத்து. திங்கக்கிழமைக்குள்ள கட்டுரை போகலைன்னா கண்ணாடியக் கழட்டிருவாக, நம்ம ரெண்டு வருசமும் போச்சு.

ஜெரால்டு: எடுத்துட்டேன்.

முத்தழகு: என்னது?

ஜெரால்டு: கட்டுரையையே அனுப்பிட்டேன். காலையில தபால் ஆபீஸ் தொறந்ததும் போட்டாச்சு. நாலும் அப்படிப் பொருந்துச்சுக்கா... ஒங்ககிட்ட கேட்டா வேணாம்பீகன்னுதான்.

முத்தழகு: காலையில... தொறந்ததுமா?

ஜெரால்டு: ஆமா. ஆனா மனசு கேக்கல. இன்னைக்கு மாடிக்கு வாங்க, ரெண்டு பேருமா அத மட்டும் பாத்துட்டு வந்துருவோம்.

முத்தழகு: நான் வரல.

ஜெரால்டு: பயமா? நீங்களா?

முத்தழகு: ராத்திரி வரைக்கும் எதுக்குடா காத்துக்கிட்டு... நீ தபால்ல போட்ட நேரத்துலேருந்து அது பகல்லயே தெரியுது. ஹாஸ்டல்லேருந்து எம் பின்னாலயே வந்து, இப்ப ஒனக்குப் பின்னாடி அந்த வேப்பமரத்து உச்சியில நிக்குது. இத்தனை பேரு டீ குடிக்கிறாக, ஒருத்தரும் நிமிரல. மெதுவாத் திரும்பு... கணக்குலேருந்து நம்ம எடுத்துட்டோம்னு அதுக்குத் தெரிஞ்சுபோச்சோ, நீ என்னடா நெனைக்கிற?