தூணடிக்கு வந்துவிடு

அவைக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் குவாரி மேலாளர் அவர்களே! கல்லோடு மல்லுக்கட்டிக் கை காய்த்த பெரியோர்களே! பிள்ளைகளை வேலைக்கு அனுப்பிவிட்டு, திரும்பும் காலடிக்குக் காது கொடுத்துக் காத்திருக்கும் தாய்மார்களே! வணக்கம்.

எழுத்துக்கூட்டத் தெரியாதவன் கையில் ஒலிபெருக்கியைக் கொடுத்திருக்கிறீர்கள். பயமாக இருக்கிறது. மேடைப் பயமல்ல, நாளைக் காலைப் பயம்.

நாளை புதிய கம்பிவடம் ஓடப் போகிறது. தொட்டி தொட்டியாகக் கல் நம் தலைக்கு மேலே போகப் போகிறது. தூணைத் தாண்டும்போது தொட்டி குலுங்கும், மேல்கல் நழுவும். நழுவிய கல் எங்கே விழும்?

பழைய கம்பிவடம் ஓடத் தொடங்கிய காலத்தில், தூணடியில்தான் என்று எல்லோரும் நம்பினோம். அதனால் தொட்டி போகும் பக்கமாகச் சற்றுத் தள்ளி வெள்ளைக்கோடு போட்டோம். மணி அடித்தால் கோட்டில் நிற்க வேண்டும், அதுதான் சட்டம். என் அண்ணன் சட்டம் மீறாதவர். கோட்டில் நின்றபடி, தூணடியில் நின்ற என்னைக் கை நீட்டிக் கூப்பிட்டார். "டேய், உயிர் மேல ஆசை இல்லையா? இங்க வாடா."

தொட்டி குலுங்கியது. என் தலைக்கு நேரே கிளம்பிய கல் என் தலையில் விழவில்லை! தொட்டியோடு சேர்ந்து முன்னே போய்க்கொண்டே இறங்கியது. முன்னே போகும் வேகம் மாறவில்லை. இறங்கும் வேகமோ நொடிக்கு நொடி ஏறியது. கோட்டில் போய் விழுந்தது. அண்ணன் நீட்டிய கை நீட்டியபடியே கிடந்தது.

யாரங்கே? கோட்டைத்தான் அப்போதே தள்ளிப் போட்டாயிற்றே என்கிறீர்களா? ஆமாம் தம்பி, இரண்டு மடங்கு தள்ளிப் போட்டோம். இத்தனை வருஷம் காத்த கோடு. அதை நம்பித்தானே நிற்போம்! அதுதானே என் பயம்! புதிய தூண் உயரம், கல் இறங்க நேரமாகும். புதிய தொட்டி வேகம், அந்த நேரத்துக்குள் கல் எட்டிப் போகும்.

இன்ஜினீயர் அம்மாவிடம் கேட்டேன். "இறங்குறது ஒரு கணக்கு, முன்னால போறது ஒரு கணக்கு, தாத்தா. ரெண்டுக்கும் நேரம் மட்டும் ஒண்ணு" என்று சொல்லிக்கொண்டே போட்டார். போட்டு முடித்தவர் முகம் வெளுத்தது. விடை நம் கோட்டின் மேலேயே வந்து விழுந்திருந்தது.

மேலாளரிடம் சொன்னோம். திறப்பு விழா முடியட்டும் என்றார். ஐயா, விழா காத்திருக்கும், விழும் கல் காத்திருக்குமா?

நாளை அந்தக் கோட்டில் முதலில் நிற்கப் போகிறவள் என் மகள். பெரியப்பாவைப் போலவே சட்டம் மீறாதவள். நேற்றெல்லாம் கெஞ்சினேன். "கோட்ட விட்டு நகந்தா வேலையிலிருந்து தூக்கிருவாங்கப்பா" என்கிறாள்.

மேலாளர் தலையசைக்கிறார். சரி என்கிறாரா, போதும் என்கிறாரா? என் மங்கிய கண்ணுக்குப் பிடிபடவில்லை. ஆகவே உங்களுக்குச் சொல்கிறேன். மணி அடித்தால் தூணடிக்கு வாருங்கள்! தலைக்கு மேலே கல் கிளம்புவது தெரியும், குலை நடுங்கும். ஓடாதீர்கள், நில்லுங்கள்! அது உங்களைத் தாண்டித்தான் போகும்.

மகளே, நாளை உனக்கு முன்னால் நான் அங்கே நிற்பேன். கை நீட்டிக் கூப்பிடுவேன். வந்துவிடு.

இந்தக் கிழவனின் பயத்துக்குக் காது கொடுத்த உங்கள் எல்லோருக்கும் நன்றி. நாளை மாலை நம்மில் ஒருவர் குறையாமல் மீண்டும் சொல்லிக்கொள்வோம், வணக்கம்!