ஜிகினாவுக்கு அடியில் இரண்டு வரி

ஹலோ... ஆமா, வீடுதான். யாரு?... யாரு பேசறது?... மச்சானா? கடிகாரக் கடை மச்சானா?... இரு, இரு, நான் உட்கார்ந்துக்கறேன். மூணு வருஷம் கழிச்சு இந்த நம்பர்ல உன் குரல் வருது. நின்னுக்கிட்டே கேட்டா இந்த வயசுல எனக்கு ஏதாவது ஆயிடும்... சரி, கத்தாதே. உயிரோட இருக்கீங்களான்னு ஒரு வார்த்தை கேட்டியா? எடுத்த எடுப்புல 'அக்கா என்னத்தை அனுப்பி வச்சிருக்கா'ன்னு கேட்டா எப்படி?

ஓ... கவர் வந்துடுச்சா. நல்லது. தபால்காரங்க இன்னும் வேலை செய்யறாங்கன்னு தெரிஞ்சுது... எங்க வச்சுப் பிரிச்ச?... பெஞ்சு மேலயா? நீ கடிகாரம் ரிப்பேர் பண்ற பெஞ்சு மேலயா?... எத்தனை திறந்து கிடந்தது?... நாலு... அதுல ஒண்ணு பல் டாக்டரோடதா... இல்ல, இல்ல, சிரிக்கல. இருமல். பல் சக்கரம் பூரா ஜிகினான்னு சொன்னியா, அதுல இருமல் வந்துடுச்சு.

ஊதினியா? அட முட்டாளே, ஜிகினாவை யாராவது ஊதுவாங்களா? அது ஒரு வாய் காத்துக்காகக் காத்துக்கிட்டு இருக்கும். இப்ப உன் புருவத்துல இருக்கும், போய்க் கண்ணாடில பாரு... இருக்கா? இருக்கும். இனி அது போகாது. உன் பேரன் கல்யாண போட்டோவுலயும் மின்னும்.

எல்லாம் அந்த வகுப்போட மகிமை மச்சான்... என்ன வகுப்பா? உனக்கெங்க தெரியும், நீதான் பேச்சை விட்டவனாச்சே. உங்கக்கா ஆறு மாசமா நூலகத்து மாடியில வாழ்த்து அட்டை செய்யக் கத்துக்கறா. புதன்கிழமை புதன்கிழமை. ரிடையரான பொம்பளைங்க பதினாலு பேரு, இருபத்து நாலு வயசுல ஒரு டீச்சர். பசையை எப்படித் தொடணும்னு சொல்லித் தர்றாளாம், பசையை. நான் முப்பத்தாறு வருஷம் அச்சாபீஸ்ல பைண்டிங் பண்ணவன். கொல்லன் தெருவுல வந்து ஊசி விக்கிற மாதிரி, என் வீட்டுக்கே அந்தப் பாடம் வருது. பல் குத்துற குச்சியில பசையைத் தொட்டு ஒரு புள்ளி வைக்கணுமாம். உடனே ஜிகினாவைத் தூவணுமாம். பேப்பரை மடிச்சு மிச்சத்தைத் தட்டி டப்பாவுல சேர்க்கணுமாம். அப்புறம் காயற வரைக்கும் மூச்சு விடாம காவல் இருக்கணுமாம். வெள்ளி காஞ்சாதான் தங்கம் தூவலாமாம். இந்த வேகத்துல நான் பைண்டிங் பண்ணியிருந்தா, என் முதல் புஸ்தகம் இப்பதான் வெளிய வந்திருக்கும்.

வீடா? வீட்டைக் கேக்காதே. காபியில மிதக்குது. சோப்புல ஒட்டியிருக்கு. போன வாரம் நெஞ்சுல எக்ஸ்ரே எடுத்தாங்க, டாக்டர் வெளிச்சத்துல தூக்கிப் பாத்துட்டு, பெரியவரே, உங்க நுரையீரல்ல நட்சத்திரம் தெரியுதேங்கறார்... சரி, அவ்வளவு சொல்லல. ஆனா உத்துப் பாத்தார்.

என்னது?... இல்ல, இரு. என்ன சொன்ன, திரும்பச் சொல்லு... திருப்பி அனுப்பப் போறியா? எதை, அந்த அட்டையையா?... கூட என்ன எழுதி?... 'இனிமே நமக்குள்ள ஒண்ணும் இல்ல'ன்னா?

ம்... ம்... அப்படியா தோணுது உனக்கு. உன்னை அவமானப்படுத்தத்தான் அனுப்பினாளா. முன்னாடி கடிகாரம் வரைஞ்சு, உள்ள ஒரு வார்த்தை இல்லாம வெறும் ஜிகினாவைக் கொட்டி... ஆமா, உன் தொழிலைக் கெடுக்கவே அறுபத்தாறு வயசுல குச்சியைப் பிடிச்சா. உனக்கு மூளை எந்தச் சக்கரத்துல ஓடுது மச்சான்?

யாரு தப்புன்னு ஆரம்பிக்காதே. உங்கப்பாவோட சுவர்க் கடிகாரத்தை எங்க வீட்டுலேர்ந்து 'ஒரு வாரத்துல தர்றேன்'னு கழட்டிட்டுப் போனவன் நீ. நாலு மாசம் கழிச்சு அவ கேட்டப்ப, நாலு பேர் முன்னாடி என்ன சொன்ன?... சொல்லு, நீயே சொல்லு... 'ரிடையரானவளுக்கு மணி எதுக்கு, வேளாவேளைக்குப் பசிக்கும்ல'ன்னு சொன்ன. பெரிய நகைச்சுவை. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன், அதுக்கு இன்னும் வாங்கிக் கட்டிக்கிறேன். அன்னிலேர்ந்து அந்தச் சுவர்ல ஒரு ஆணி. உங்கக்கா தினம் மணி பாக்க அந்த ஆணியைப் பாக்கறா.

சரி, கொஞ்சம் மெதுவாப் பேசறேன். அவ உள் ரூம்ல இருக்கா... கூப்பிடவா? வேண்டாம், வேண்டாம். அலமாரியைக் கவுத்துப் போட்டுத் தேடிக்கிட்டு இருக்கா... எதையா? அந்த அட்டையைத்தான். அது தபாலுக்குப் போனதே அவளுக்குத் தெரியாது.

ஆமா. நான்தான் அனுப்பினேன்... கத்தாதேன்னு சொன்னேன்ல. கேளு.

அவ செஞ்சு முடிச்சு, கவர்ல உன் விலாசத்தையும் எழுதிட்டா. அப்புறம் பத்து நாள். நடக்கப் போறப்ப எடுத்துட்டுப் போவா, தபால்பெட்டி வரைக்கும் போவா, திருப்பிக் கொண்டு வந்து அலமாரியில வைப்பா. எனக்குப் பாத்துப் பாத்துக் கால் வலி வந்துடுச்சு. முந்தாநாள் அவ வகுப்புக்குப் போயிருந்தப்ப, சும்மா ஒரு பார்வை பாக்கலாம்னு எடுத்தேன். கவர் ஒட்டல, பிரிச்சேன்னு சொல்லாதே. முன்பக்கம் கடிகார முகம், பன்னெண்டு வெள்ளிப் புள்ளி. அதுல ஏழு மணி உதிர்ந்து போச்சு. உள்ள சுத்திவர ஒரு தங்கக் கோடு, அதுவும் பாதி என் சட்டையில. இதுதான் அந்தப் பொண்ணு சொல்லிக் கொடுத்த பசையோட லட்சணம். எனக்குப் பொறுக்கல. பரண்லேர்ந்து என் பழைய பிரஷ்ஷை இறக்கினேன். பைண்டிங் பசை காய்ச்சினேன். ஏழு மணியை ஒட்டினேன், இனி அட்டை கிழிஞ்சாலும் ஏழு மணி நிக்கும். அப்புறம் உள்பக்கம்...

கோட்டுல மட்டும்தான் தடவணும். தெரியும். ஆனா முப்பத்தாறு வருஷக் கை மச்சான். பிரஷ்ஷு கையில ஏறினா, இந்த ஓரத்துலேர்ந்து அந்த ஓரத்துக்கு ஒரே இழுப்புதான். இழுத்துட்டேன்... ஆமா, உள்ள அவ எழுதியிருந்த எழுத்து மேலயும். மை கரைஞ்சு ஆறா ஓடுது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கு வந்துடுச்சு. அவ வர்ற நேரம். என்ன பண்றது? டப்பாவைத் திறந்தேன், மொத்தத்தையும் மேல கொட்டினேன், தட்டக்கூட இல்ல, கவர்ல போட்டு ஒட்டி, செருப்பு மாட்டாம ஓடிப்போய்ப் பெட்டியில போட்டுட்டேன். திருட்டுப் பொருளை ஒளிச்சு வைக்கத் தபால்பெட்டி மாதிரி இடம் கிடையாது.

சிரி. நல்லாச் சிரி... இப்ப மட்டும் சிரிக்கத் தெரியுது. திட்டறதா இருந்தா என்னைத் திட்டு. அட்டையைத் திருப்பி அனுப்பாதே. உன் வரியோட அது இங்க வந்தா, அவ இன்னொரு அட்டை செய்ய மாட்டா. எனக்கு அவளைத் தெரியும்.

என்ன எழுதியிருந்தாளா?

படிக்காம இருப்பேனா, நான் என்ன மகாத்மாவா. ரெண்டே வரி... சொல்றேன். இரு, தொண்டையைக் கனைச்சுக்கறேன்.

'கடிகாரம் வேண்டாம். நீ வந்தா போதும்.'

மச்சான்... மூக்கை உறிஞ்சாதே, அதுவும் ஜிகினாதான்னு சொல்லுவே. சொல்லு, சொல்லு, நம்பறேன்.

இரு. அது என்ன சத்தம்? பின்னாடி... டொக்கு, டொக்குன்னு. அந்தச் சத்தம் எனக்குத் தெரியுமே. பழைய கட்டை வண்டி மாதிரி நொண்டி நொண்டி... அப்பா கடிகாரமா அது? ஓடுதா? எப்பலேர்ந்து?... ரெண்டரை வருஷமாவா!

அட பாவி. ரெண்டரை வருஷமா ஓடற கடிகாரத்தைக் கடைச் சுவர்ல மாட்டி வச்சுக்கிட்டு... எப்படிக் கொண்டு வந்து நீட்டறதுன்னு தெரியலையா? ரெண்டு கையால நீட்டணும். அவ இங்க தபால்பெட்டி வரைக்கும் போய்ப் போய்த் திரும்பறா, நீ அங்க கடிகாரத்தைப் பாத்துப் பாத்து உட்கார்ந்திருக்க. ஒரே அச்சுல வார்த்த ரெண்டு பொம்மைங்க. உங்கப்பா நல்லா வார்த்திருக்கார்.

உஷ்... வர்றா. அலமாரிக் கதவை அறைஞ்சுட்டா... நீ எங்க ஓடற? போனை வைக்காதே, வச்சே, அந்தப் பல் டாக்டருக்கு நானே போன் பண்ணுவேன். பேச வேண்டாம். நீ வாயைத் திறந்தா காரியம் கெட்டுடும், அது ஊருக்கே தெரியும். போனை மட்டும் கொண்டு போய் அந்தக் கடிகாரத்துகிட்டப் பிடி... இன்னும் கிட்ட... ஆங். அப்படியே பிடிச்சுக்க.

வாம்மா. இல்ல, நான் எந்த அட்டையையும் பாக்கல. இந்தா, போன், உனக்குத்தான்... யாரா? பேச மாட்டான். சும்மா காதுல வச்சுக் கேளு. என் மீசையை ஏன் அப்படிப் பாக்கற? மின்னுதா? அதை அப்புறம் விசாரிக்கலாம். முதல்ல இதைப் பிடி.